பன்னிரண்டு மூட்டை கண்ணாடிக் குருணை

நெலிடா பேனாவை மூடிப் பம்ப் அறை மேஜைமேல் வைத்தாள்.

"கையெழுத்துப் போட மாட்டேன்."

ஒஃபீலியா பராசா அந்தத் தாளை எடுத்துப் படித்தாள். ஆறே வரி. டெல் ரியோ தெரு நீச்சல் குளத்தின் வடிகட்டியிலிருந்து கண்ணாடி கசிந்து தண்ணீரில் கலந்ததற்கு, குளத்தைப் பராமரிக்கும் நெலிடா கீவிஸ் ஆகிய நானே பொறுப்பு. கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டின்மேல் பெயரை எழுதினால், மலைப்பக்கம் இருக்கும் ரிட்ஜ்வியூ குளத்தில் அவளுக்கு வேலை. எழுதாவிட்டால் எங்குமே வேலை இல்லை.

"மேல பம்ப் ரூமுக்கே ஏசி போட்டிருக்காங்களாம்," என்றான் டினோ. அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெளியே நிழலிலேயே நூற்றுப் பன்னிரண்டு டிகிரி. "சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேன்."

நெலிடா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் உடனே கூரையைப் பார்க்க ஆரம்பித்தான்.

ஒஃபீலியா இருபத்திரண்டு வருடம் மெஸ்கிட்டால் ஊரில் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் படித்தவள். பிறகு துப்பறிவாளர் உரிமம் வாங்கினாள். இரண்டும் ஒரே வேலைதான், மூடியைத் தூக்கிப் பார்ப்பது என்பாள். டினோ அர்விசு அவளுக்குக் கார் ஓட்டுபவன், ஏணி பிடிப்பவன், யாரும் கேட்காமலே கருத்துச் சொல்பவன்.

விஷயம் இதுதான். ஊருக்குப் பொதுக் குளங்கள் இரண்டு. வறட்சியால் இந்த வருடம் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். எது குறைவாகத் தண்ணீர் செலவழிக்கிறதோ அது பிழைக்கும் என்று பூங்கா வாரியம் ஏப்ரலில் சொல்லிவிட்டது. ரிட்ஜ்வியூவைச் சுற்றி இருக்கும் வீடுகளில் பாதிக்குச் சொந்தக் குளம் உண்டு. டெல் ரியோ தெருவில் ஒரு வீட்டுக்கும் கிடையாது. இங்கே கோடையில் பிள்ளைகள் போக வேறு இடமும் இல்லை.

நெலிடா ஒரு காரியம் செய்தாள். வடிகட்டித் தொட்டியிலிருந்த பழைய மணலை அள்ளிப் போட்டுவிட்டுக் கண்ணாடிக் குருணையைப் போட்டாள். இதே தெருக்காரர்கள் குடித்துப் போட்ட பீர், சோடா பாட்டில்கள்தான். ஊருக்கு வெளியே ஓர் ஆலையில் நொறுக்கி, கூர் போகும்வரை உருட்டி, மூட்டை கட்டித் தருகிறார்கள். கண்ணாடியில் அழுக்கு ஒட்டிக்கொண்டு இறுகாது. மணலைக் கழுவ வாரம் ஒருமுறை தண்ணீரை எதிர்த்திசையில் ஓடவிட்டு வெளியே கொட்ட வேண்டும். கண்ணாடிக்கு மாதம் இருமுறை போதும். ஜூலை பிறந்தபோது டெல் ரியோவின் மீட்டர் ரிட்ஜ்வியூவைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகக் காட்டியது. தெருவே அந்த எண்ணை மனப்பாடமாகச் சொன்னது.

போன செவ்வாய்க்கிழமை காலை, ஆழம் குறைந்த பக்கத்துப் படிகளில் கண்ணாடிக் குருணை கிடந்தது. யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் குளத்தில் கண்ணாடி என்ற இரண்டு சொல்லே போதுமாக இருந்தது. மதியத்துக்குள் குளத்தை மூடினார்கள். இன்று வெள்ளி. மாலை ஆறு மணிக்கு வாரியம் கூடி, எந்தக் குளம் என்று வாக்கெடுக்கப் போகிறது.

"ப்ரூக்னர் என்ன கணக்குச் சொல்றாரு?" என்று கேட்டாள் ஒஃபீலியா.

வெஸ்லி ப்ரூக்னர் இரண்டு குளங்களுக்கும் மேற்பார்வையாளர். மணல் வடிகட்டியோடு முப்பது வருடம் வாழ்ந்தவர். அவருடைய கணக்கை நெலிடா ஒப்புவித்தாள். ரசீதில் பன்னிரண்டு மூட்டை, மூட்டைக்கு ஐம்பது பவுண்டு. புதன்கிழமை வாரிய ஊழியர்கள் இருவரைச் சாட்சி வைத்து, தொட்டியைக் காலி செய்து எடை பார்த்தார். ஏறக்குறையப் பத்து மூட்டைதான் தேறியது. மீதி இரண்டு மூட்டை குளத்துக்குள் போய்விட்டது.

"நூறு பவுண்டு. குளத்துலேருந்து எவ்வளவு எடுத்தீங்க?"

"ஒரு காபி டப்பா அளவு."

"மிச்சம் ஆவியாப் போச்சா?" என்றான் டினோ.

மிச்சத்தை அவருடைய ஆட்களே உறிஞ்சிச் சாக்கடையில் விட்டதாகச் சொல்கிறாராம். வடிகட்டியிலிருந்து தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் துளைகள் ஆழமான பக்கத்துச் சுவரில் இருக்கின்றன, கண்ணாடி எப்படி எதிர்ப்பக்கத்துப் படியில் வந்து உட்கார்ந்தது என்று நெலிடா கேட்டிருக்கிறாள். நீரோட்டம் என்றாராம். எதற்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது.

ஒஃபீலியா தொட்டியைச் சுற்றி வந்தாள். அதன் வயிற்றில் ஒரு தகடு இருந்தது. கொள்ளளவு பன்னிரண்டு மூட்டை மணல் என்று பொறித்திருந்தது. அவள் அதை விரலால் தட்டினாள்.

"அது மணலுக்கு," என்றாள் நெலிடா. "கண்ணாடி மணலவிட லேசு. அதே இடத்த ரொப்ப அஞ்சுக்கு நாலு இருந்தாப் போதும். ப்ரூக்னர் தகட்டப் பாத்துப் பன்னெண்டு வரவழச்சாரு. நான் பத்துதான் கொட்டினேன். மீதி ரெண்டும் தையல் பிரிக்காம இந்தக் கதவுக்குப் பின்னாடி இருந்துது."

"இப்ப?"

"இல்ல. போன வாரம் பாத்தேன். செவ்வாய்க்கெழம தேடறேன், இல்ல. சொன்னா, மூட்டையக் காட்டுங்கறாரு."

ஆக, காணாமல் போனதாகச் சொல்லப்படும் கண்ணாடி தொட்டிக்குள் போகவே இல்லை. மணல்காரர் மணல் கணக்குப் போட்டிருக்கிறார். ஆனால் வாரியத்துக்குக் காட்ட இரண்டு மூட்டைகள் வேண்டும். மணி பன்னிரண்டரை.

புறப்படும்போது ஒஃபீலியா இன்னொன்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை காலை தண்ணீர் எப்படி இருந்தது?

நெலிடா யோசித்தாள். காலையில் நடைபயிற்சிக்குத் தண்ணீரில் இறங்கும் பெண்கள் கேலி செய்தார்களாம், இன்றைக்குக் குளத்தில் ஹோர்சாட்டா ஊற்றியிருக்கிறாயா என்று. ஹோர்சாட்டா என்னும் அரிசிப் பால்போல் படியோரம் ஒரு வெண்மை. குளோரின் தூள் சரியாகக் கரையவில்லை என்று நினைத்தாளாம். ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டது.

ஒஃபீலியா தலையசைத்தாள். அப்போது அவளுக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை.

*

காரில் ஏறியதும் டினோ சந்தேகப் பட்டியலைத் தொடங்கினான். மூட்டையை ப்ரூக்னரே தூக்கிப் போயிருக்க வேண்டும். அதில் ஒன்றைப் பிரித்துக் குளத்தில் கொட்டியிருக்க வேண்டும். இன்னொன்று அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கும்.

"அவருக்கு மூட்டையைப் பத்தித் தெரியாது," என்றாள் ஒஃபீலியா. "பன்னெண்டும் தொட்டிக்குள்ள போச்சுன்னு மனசார நம்பறாரு. தெரிஞ்சிருந்தா இந்தக் கணக்கையே சொல்லியிருக்க மாட்டாரு."

டினோ பட்டியலைக் கைவிட்டு என்ஜினை முடுக்கினான். எங்கே போவது என்று கேட்டான்.

அவள் தெருவைப் பார்த்தாள். சனிக்கிழமை மாலை வந்த மழை ஞாயிறு காலைவரை தெருவில் ஓடியது. வாசல்களில் இன்னும் மணல்மூட்டைகள் கிடந்தன. ஜூலை மழைக்கு நகராட்சி முனைக்கு முனை மூட்டைகளைக் குவிக்கும். அதன்பின் அவற்றுக்குச் சொந்தக்காரர் கிடையாது. மழை இருட்டிக்கொண்டு வரும்போது யார் சுவரோரம் மூட்டை சும்மா இருந்தாலும் தூக்கிக்கொண்டு போய் வாசலில் போடலாம். கேட்பது வழக்கமில்லை. கேட்டால் எதிராளிக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

"ஐம்பது பவுண்டு மூட்டை. சனிக்கிழமை சாயங்காலம். பம்ப் ரூம் கதவு தெறந்திருக்கு," என்றாள்.

டினோ நெற்றியைத் தடவினான். "நாம இப்ப இந்த வெயில்ல மூட்டை எண்ணப் போறோம். அப்படித்தானே, பாஸ்?"

அப்படித்தான். நகராட்சி மூட்டை பழுப்புச் சணல். ஆலை மூட்டை வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கு. தெருவின் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். அரை மணிக்கு ஒருதரம் சந்தித்துத் தண்ணீர் குடித்தார்கள். மூன்று மணிக்கு டினோ அறிக்கை கொடுத்தான்.

"நூத்தி நாப்பத்தாறு பழுப்பு. ஒரு நாய் கடிக்க வந்துது. ஒரு அம்மா நான் மூட்டை திருட வந்தேன்னு தொடப்பத்தோட வந்தாங்க. நாய் தேவல."

குளத்துக்குப் பின்சந்தில் எவரார்டோவின் டயர் கடை இருக்கிறது. அறுபது வயது, மூன்று இஞ்ச் மீசை, பேச்சைவிடப் பெருமூச்சு அதிகம். கடை வாசலில் ஏழு மூட்டைகள். ஐந்து பழுப்பு. இரண்டின்மேல் செம்மண் சேறு காய்ந்து அப்பியிருந்தது. ஒஃபீலியா குனிந்து நகத்தால் சுரண்டினாள். உள்ளே வெள்ளை.

"டோன்யா ஒஃபீலியா," என்றார் எவரார்டோ. "டயருக்கு என்ன?"

"டயர் நல்லாத்தான் இருக்கு, டோன் எவரார்டோ. இந்த ரெண்டும் எங்கேருந்து வந்துது?"

அவர் முகம் சுருங்கியது. மழைக்குப் போட்டது என்றார். எங்கிருந்து என்று மறுபடி கேட்டாள். குளத்து அறையிலிருந்துதான். சும்மா கிடந்தது, எடுத்தேன், திருப்பி வைத்துவிடுவேன், போன வருடம் நெலிடா என் வாசலிலிருந்து மூன்று எடுத்தாளே நான் ஏதாவது கேட்டேனா என்றார்.

"ஊரே இதத் தேடுதுன்னு தெரியாதா?"

"கண்ணாடி மூட்டையத்தானே தேடுது. இது மணல்."

டினோ ஒரு மூட்டையைப் புரட்டினான். சுவர்ப்பக்கம் இருந்த முகத்தில் ஆலையின் பெயரும் பச்சை பாட்டில் படமும் இருந்தன. எவரார்டோ அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு பெருமூச்சு விட்டார். மூன்று நாளாகக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், அந்த மூட்டையை எடுத்தவன் கையில் புழு வைக்க என்று அவரும் சேர்ந்து திட்டிக்கொண்டிருந்தாராம்.

தையல் பிரியவில்லை. இரண்டு மூட்டையிலும் ஒரு பொத்தல் இல்லை.

"பத்தும் ரெண்டும் பன்னெண்டு," என்றான் டினோ. "கேஸ் முடிஞ்சுது. ஐஸ் சாப்பிடப் போலாமா?"

ஒஃபீலியா மூட்டைமேல் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"தொட்டியில பத்தும் இருக்கு. இந்த ரெண்டையும் யாரும் தெறக்கல. அப்ப படியில கெடந்தது எது?"

டினோவின் சிரிப்பு மெதுவாக வடிந்தது. இதை ப்ரூக்னர் எப்படித் திருப்புவார் என்று இருவருக்குமே தெரிந்தது. நல்லது, பத்து மூட்டைதான் போட்டாள், அந்தப் பத்திலிருந்துதான் கசிந்தது, எடையும் ஏறக்குறையத்தானே வந்தது என்பார். மூட்டையைத் தேடிக் கண்டுபிடித்ததே அவருக்கு உதவியாகிவிடும்.

எவரார்டோ பாவத்துக்குப் பரிகாரம்போல் இருவருக்கும் பெரிய பிளாஸ்டிக் கோப்பைகளில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒஃபீலியா பேனாக்கத்தியை எடுத்துத் தையலின் மூலையில் நாலு கண்ணிகளை அறுத்தாள். ஒரு பிடி குருணையைக் கையில் வாங்கினாள். பச்சை, பழுப்பு, வெள்ளை. இறுக்கிப் பிடித்தாள். கையில் கோடுகூட விழவில்லை. சர்க்கரையைப் பிடித்த மாதிரி இருந்தது.

பிடித்ததைக் கீழே கொட்ட மனமில்லாமல் கோப்பைத் தண்ணீரில் போட்டாள்.

தண்ணீர் வெளுத்தது. அடியிலிருந்து புகைபோல் ஏறி, கோப்பை முழுக்கப் பாலாயிற்று.

"ஹோர்சாட்டா," என்றான் டினோ.

ஒஃபீலியா எழுந்து நின்றாள். 

புதுக் குருணையில் ஆலைத் தூசி ஒட்டியிருக்கும். தொட்டியில் போட்டதும் முதல் வேலை, தண்ணீர் தெளியும்வரை அதைக் கழுவுவது. நெலிடா மே மாதமே கழுவிவிட்டாள். பத்து வாரம் ஓடிய குருணையில் தூசி ஏது? செவ்வாய்க்கிழமை குளம் வெளுத்ததென்றால், படியில் விழுந்தது தண்ணீரையே பார்க்காத புதுக் குருணை. தொட்டியிலிருந்து வந்ததல்ல. தையல் பிரிக்காத இந்த மூட்டைகளிலிருந்தும் அல்ல.

"அப்ப பதிமூணாவது ஒண்ணு இருக்கு," என்றாள்.

நெலிடாவுக்குப் போன் போட்டாள். ஆலை இந்தப் பன்னிரண்டைத் தவிர வேறு ஏதாவது அனுப்பியதா? மூட்டை எதுவும் இல்லை என்றாள் நெலிடா. பிறகு குரல் மாறியது. மார்ச்சில் ஒரு ஜாடி அனுப்பினார்கள், மாதிரிக்கு. ஊறுகாய் போடும் பெரிய ஜாடி அளவு. ஏப்ரல் கூட்டத்தில் ப்ரூக்னர் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, உங்கள் பிள்ளைகள் இதிலா குளிக்க வேண்டும் என்று கேட்டாரே, அந்த ஜாடி. அவருடைய அலமாரியில்தான் இருக்கிறது.

டினோ கைகளைத் தேய்த்துக்கொண்டான்.

"காலி ஜாடி. இனிமே எனக்கு நிஜமாவே ஐஸ் வேணும், பாஸ்."

*

ஆறு மணிக்கு வாரியக் கூடத்தில் நிற்க இடமில்லை. டெல் ரியோ தெரு கிட்டத்தட்ட முழுசாக வந்திருந்தது. சுவரோரம் நின்ற பெண்கள் நீச்சல் உடைக்குமேல் சட்டை போட்டு வந்திருந்தார்கள். அதில் ஒரு செய்தி இருந்தது.

வாரியத் தலைவி மிஸஸ் ஹாலோரன் முன்னாள் பள்ளித் தலைமையாசிரியை. மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்திப் பார்த்தாலே கூட்டம் அடங்கும். ப்ரூக்னர் அறிக்கையை வாசித்தார். சத்தம் போடாமல், நிதானமாக, வருத்தத்தோடு வாசித்தார். அவர் உட்கார்ந்ததும் ஒஃபீலியா கைகாட்ட, டினோவும் எவரார்டோவும் ஆளுக்கொரு வெள்ளை மூட்டையைச் சுமந்துகொண்டு நடுவில் வந்து போட்டார்கள்.

கூடம் கைதட்டியது. எவரார்டோ, தான் எடுத்ததை எல்லார் முன்னாலும் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள். அவர் குழம்பிப்போய்க் குனிந்து வணங்கினார்.

ப்ரூக்னர் ஒரு நிமிடம் தகட்டுக் கணக்கை மனதுக்குள் மறுபடி போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பிறகு புன்னகைத்தார்.

"நான் ரெண்டு மூட்டை விஷயத்துல தப்புப் பண்ணிட்டேன். மன்னிக்கணும். நெலிடா பத்துதான் போட்டிருக்காங்க. அந்தப் பத்துலேருந்துதான் குளத்துக்கு வந்திருக்கு. ஒரு டப்பாவோ நூறு பவுண்டோ, கண்ணாடி கண்ணாடிதானே?"

கைதட்டல் நின்றது. மிஸஸ் ஹாலோரன் எழுதிக்கொண்டார். சுவரோரம் ஒரு பெண் நெலிடாவின் தோளைப் பிடித்தாள்.

ஒஃபீலியா எழுந்து, மார்ச் மாதம் ஆலை அனுப்பிய மாதிரி ஜாடி எங்கே என்று கேட்டாள். என் அறையில் இருக்கிறது என்றார் ப்ரூக்னர். ஏப்ரலுக்குப் பிறகு யாராவது திறந்தார்களா என்று கேட்டாள்.

"எதுக்குத் தெறக்கணும்? வந்தபடியே இருக்கு."

"தண்ணி கிண்ணி படலயே?"

"ஜாடிக்குள்ள எப்படிம்மா தண்ணி படும்?"

கொண்டுவர முடியுமா என்றாள். அவர் மறுக்கவில்லை. தாழ்வாரத்தில் நடந்து போய்த் திரும்பி வந்தார். ஜாடியை மேஜையில் வைத்தார்.

கழுத்துவரை நிறைந்திருந்தது.

டினோ ஒஃபீலியாவின் காதருகே குனிந்தான். "நான் காரை ஸ்டார்ட் பண்ணி வெக்கவா?"

அவள் அவன் முழங்கையை ஒதுக்கிவிட்டு மேஜையருகே போனாள். மூன்று கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் கேட்டாள். மூட்டையின் மூலையிலிருந்து ஒரு பிடி எடுத்து முதல் டம்ளரில் போட்டுக் கலக்கினாள். பாலாயிற்று. இது புதுக் குருணை என்றாள். நெலிடா ஒரு சின்ன வாளியைக் கொண்டுவந்தாள். தொட்டியைக் காலி செய்த அன்று வாரிய ஊழியர்கள் தாங்களே முத்திரை ஒட்டி வைத்த வாளி. மிஸஸ் ஹாலோரனே முத்திரையைக் கிழித்தார். அதிலிருந்து ஒரு பிடி இரண்டாவது டம்ளரில் விழுந்தது. தண்ணீர் தெளிவாகவே நின்றது. இது பத்து வாரமாகத் தினமும் குளித்த குருணை என்றாள்.

செவ்வாய்க்கிழமை குளத்தில் என்ன நிறம் பார்த்தீர்கள் என்று கூடத்தைக் கேட்டாள். நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் ஹோர்சாட்டா என்றார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல.

ஒஃபீலியா ஜாடியைத் திறந்தாள். முகர்ந்தாள். பிறகு அதைத் தலைவியிடம் நீட்டினாள்.

மிஸஸ் ஹாலோரன் முகர்ந்து பார்த்து, "தேங்கா வாசன வருதே," என்றார்.

"சன்ஸ்கிரீன். எங்க தெருவே அந்தத் தேங்கா எண்ணெயத்தான் பூசிட்டுக் குளத்துல எறங்குது. வடிகட்டியில அது வந்து சேரும். ஆலையிலேருந்து நேரா வந்த ஜாடிக்குள்ள எப்படி வந்துது?"

மூன்றாவது டம்ளரில் அந்த ஜாடியிலிருந்து ஒரு பிடி போட்டாள். கரண்டியால் நன்றாகக் கலக்கினாள்.  குருணை அடியில் படிந்தது. தண்ணீர் வழியாக எதிரே இருந்த ப்ரூக்னரின் சட்டைப் பொத்தான்கள் தெரிந்தன.

"இந்தக் கண்ணாடி ஏற்கெனவே குளிச்சிருக்கு, மிஸ்டர் ப்ரூக்னர்," என்றாள் ஒஃபீலியா. "வந்தபடியே இருந்ததுன்னு சொன்னீங்க. வந்தது செவ்வாய்க்கெழம காலையில படியில போயிடுச்சு. குளத்துச் சாவி உங்க கிட்டயும் இருக்கு. காலி ஜாடிய வெச்சிருந்தா யாராவது கேப்பாங்கன்னு, தொட்டியத் தெறந்தப்ப அதுலேருந்தே ரொப்பிட்டீங்க."

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. எடை பார்த்தபோது சாட்சிக்கு நின்ற ஊழியர்களில் ஒருவர். ஆய்வகத்துக்கு என்று சொல்லி ப்ரூக்னர் ஒரு ஜாடி நிறைய எடுத்தார், நான் பார்த்தேன், அப்போது தப்பாகத் தோன்றவில்லை என்றார்.

ப்ரூக்னர் உட்கார்ந்தார். மூன்று டம்ளர்களையும் பார்த்தார்.

"ரிட்ஜ்வியூவுக்கு மொத மூட்டை மணலக் கொட்டினது நான்தான்," என்றார். "முப்பது வருஷம். பீர் பாட்டில் கிட்டத் தோத்து அத மூடச் சொல்றீங்க."

 

மிஸஸ் ஹாலோரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ப்ரூக்னர் மீது விசாரணை நடக்கும் என்றார். வாக்கெடுப்பு ஒத்திவைக்கப்படுகிறது. விசாரணை முடியும்வரை டெல் ரியோ குளம் மூடியே இருக்கும். மூன்று, நான்கு வாரம் ஆகலாம்.

அப்போதுதான் நெலிடா முன்னால் வந்தாள்.

"நாலு வாரம் மூடிக் கெடந்தா தண்ணி பச்சையாயிடும். அப்புறம் மொத்தத்தையும் வடிச்சுப் புதுசா ரொப்பணும். அந்தத் தண்ணிய எங்க மீட்டர்ல எழுதுவீங்க. அத வெச்சே மூடுவீங்க."

அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது, விதி அப்படி என்றார் தலைவி.

"வடிகட்டி கசிஞ்சுதுன்னு மூடினீங்க. அது கசியல. நாளைக்குக் காலையில தொட்டிய ரொப்பித் தெறக்கறேன்."

"நான் அனுமதி குடுக்க முடியாது, நெலிடா."

"நான் கேக்கல, மேடம்."

அவள் கதவைப் பார்த்து நடந்தாள். சுவரோரம் நின்ற பெண்கள் முதலில் போனார்கள். பிறகு நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. எவரார்டோ தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

*

சனிக்கிழமை ஐந்தரைக்கே வேலை தொடங்கிவிட்டது. முதலில் தொட்டியில் பாதிவரை தண்ணீர். வெறும் தொட்டியில் கொட்டினால் அடியிலிருக்கும் குழாய்கள் உடையும். அப்புறம் பட்டாணி அளவுக் கண்ணாடி, குழாய்கள் மறையும்வரை. அதன்மேல் புதன்கிழமை எடை பார்த்து வைத்த குருணை. சங்கிலிபோல் நின்று வாளி கைமாற்றினார்கள். நெலிடா ஏணிமேல் நின்று கடைசி வாளியை வாங்கிச் சரித்துச் சரித்துக் கொட்டினாள். டினோ மூன்று வாளி தூக்கிவிட்டு, இனி தான் மேற்பார்வை என்று அறிவித்தான். துடைப்பத்தோடு வந்த அம்மா அவனிடம் நான்காவது வாளியைக் கொடுத்தார்.

மூடி இறுகியது. கழுவும் பக்கம் வால்வைத் திருப்பினாள். பார்வைக் குழாயில் தண்ணீர் கொஞ்சம் கலங்கி ஓடித் தெளிந்தது. பம்பை நிறுத்தி, வால்வை மாற்றி, மறுபடி போட்டாள். மீட்டரில் ஓடியதை ஒஃபீலியா பழக்க தோஷத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு நெலிடா ஒன்பது மணிவரை யாரையும் இறங்க விடவில்லை. இரண்டுமுறை தண்ணீரைச் சோதித்தாள். படிகளை வெறுங்காலால் தடவிப் பார்த்தாள். அதன்பின் ஒதுங்கி நின்றாள்.

ஒன்பதரைக்கு வாரியத்திலிருந்து ஓர் ஆள் சங்கிலியும் பூட்டுமாக வந்தார். அவருக்கும் இந்த வேலை பிடிக்கவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. வாசல் கதவருகே நின்று உள்ளே பார்த்தார். குளத்தில் எண்பது பேர் இருந்தார்கள். ஆழமான பக்கம் எவரார்டோ மீசை நனையாமல் மிதந்துகொண்டிருந்தார்.

கேட்டைப் பூட்டச் சொல்லி உத்தரவு என்றார் அவர், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

நெலிடா இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி திரும்பினாள்.

"தாராளமாப் பூட்டுங்க. நாங்க உள்ளதான் இருக்கோம்."